கிளீனர்

உங்கள் டூவீலரின் இன்ஜினைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

டேங்க்கைக் கேட்கவில்லை. சீட்டைக் கேட்கவில்லை. சைடு கண்ணாடியையும் அதில் தெரிகிற உங்கள் முகத்தையும் நிச்சயமாகக் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே, நாம் தினமும் உதைக்கிற, ஆனால் குனிந்து பார்க்காத அந்த உலோகக் கட்டியைக் கேட்கிறேன். பொய் சொல்லாமல் யோசித்துப் பாருங்கள். நான் போன மாசம் வரைக்கும் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பார்க்க வைத்தது மொரப்பூர்.

மொரப்பூர், தர்மபுரி மாவட்டத்தில், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிற ரயில்வே ஸ்டேஷன் ஊர். என் மனைவியின் ஊர். ரயிலில் போகும்போது நீங்களும் தாண்டியிருப்பீர்கள், தூக்கத்தில். 1906-லேயே இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கிறது. இரண்டரை அடி அகல நேரோகேஜ் பாதை. பிறகு ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941-ல் மூடிவிட்டார்கள். அந்தப் பாதையில் திரும்பவும் ரயில் விடச் சொல்லி ஊர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்க. ரயில் கதைக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். காரணம் இருக்கிறது.

என் மச்சான் இறந்து இரண்டு வருஷமாகிறது. மனைவியின் அண்ணன். அவர் விட்டுப்போனதில் ஒரு 100 சி.சி. மோட்டார் பைக்கும் சேர்த்தி. அவருடைய பையன், என்னை 'மாமா' என்று கூப்பிடுகிற மாப்பிள்ளை, டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேரப் போகிறான். திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியிலேயே கிளம்பிவிடுவதாகப் பையனின் திட்டம். மொரப்பூரிலிருந்து ஓசூர் சுமார் 120 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, லாரிகளும் பஸ்களும் பறக்கிற பெங்களூரு நெடுஞ்சாலை.

அவன் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை.

"பஸ்ல போயேன்டா. வண்டி அப்புறமா வரட்டும்."

"ரூமுக்கும் கம்பெனிக்கும் ஆறு கிலோமீட்டரும்மா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா என்ன பண்றது?"

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. சென்னையிலிருந்து வந்தவன், பத்திரிகைக்காரன், நாலும் தெரிந்தவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு நல்லெண்ணம் உண்டு. கெடுத்துக்கொள்ள விருப்பமில்லாமல் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தேன். டேங்க் பளபளவென்று முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. ஹேண்டில்பாரில் துரு இல்லை. கிக்கரை ஒரு உதை. ஸ்டார்ட் ஆனது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றேன்ல" என்றேன்.

கவனியுங்கள். நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் என்று ஒரு பேப்பரே உண்டு. கணக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதைத்தான் அதில் ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பாஸ் பண்ணியிருக்கிறேன். இருந்தும், ஒரு உதையில் ஸ்டார்ட் ஆன காரணத்துக்காக ஒரு பையனின் 120 கிலோமீட்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரிதான்" என்று உள்ளே போய்விட்டார். அந்த 'சரிதான்' என்னை என்னவோ செய்தது. சரி, புது இடத்துக்குப் போகிற வண்டி, குறைந்தபட்சம் கழுவியாவது அனுப்புவோம் என்று சனிக்கிழமை காலை வாட்டர் சர்வீசுக்குக் கிளம்பினேன். வழியில், ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். மச்சானின் பல வருஷ சிநேகிதர்.

"எங்க சார் வண்டிய எடுத்துட்டுப் போறீங்க?"

"வாட்டர் சர்வீஸ்."

அவர் குந்தவைத்து உட்கார்ந்து, இன்ஜினைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை.

"தண்ணியடிச்சா பளிச்சுனு ஆயிடும் சார். அப்புறம் எதுவும் தெரியாது. சாயங்காலம் நானே வீட்டுக்கு வர்றேன். இன்ஜின் ஆறட்டும்."

அழுக்கு போனால் எல்லாம் தெரியும் என்றுதானே நாம் நினைப்போம்? இவர் என்னடாவென்றால் அழுக்கு போனால் எதுவும் தெரியாது என்கிறார்.

சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பாட்டிலில் கால் லிட்டர் டீசல். பெயின்ட் அடித்துத் தேய்ந்த ஒரு பிரஷ், இரண்டு பழைய டூத் பிரஷ், ஒரு மூங்கில் சிம்பு, கொஞ்சம் மரத்தூள், பனியன் வேஸ்ட். "முன்னெல்லாம் மண்ணெண்ணெய்தான் சார். இப்ப ரேஷன்ல அடுப்புக்கே கெடைக்கிறதில்ல" என்று டீசலுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பெட்ரோலில் கழுவலாமா என்று கேட்டேன். "வீட்டைக் கொளுத்தணும்னா கழுவலாம்" என்றார்.

முதல் பிரச்னை தண்ணீரில் வந்தது. மாமியார் வாளியைத் தரமாட்டேன் என்றுவிட்டார்.

"ஒகேனக்கல் தண்ணியை வண்டிக்கு ஊத்தறதா? மனுசனுக்கு வர்ற தண்ணிப்பா அது."

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியாது. தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். தலைமுறை தலைமுறையாகப் பல்லில் பழுப்புக் கறை, சிலருக்கு எலும்பு மூட்டுகளில் வலியும் வளைவும். அதற்காகத்தான் காவிரியைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. என் மனைவியின் பல்லிலும் அந்தக் கறை லேசாக உண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டே சிரித்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட வீட்டில் குடிநீரை எடுத்து இன்ஜினில் ஊற்றினால் மாமியார் கோபப்படாமல் என்ன செய்வார்?

கடைசியில் துணி அலசின தண்ணீரில் ஒரு வாளி அனுமதியானது. "அதுவே போதும்மா, அதுல சோப்பும் இருக்கு" என்றார் மெக்கானிக். ஒரே ஒரு வாளி. வாட்டர் சர்வீஸில் குழாயைத் திருப்பி பத்து நிமிஷம் பீய்ச்சுகிற தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் டீசலையும் தொடவில்லை, தண்ணீரையும் தொடவில்லை. கால் மணி நேரம் வெறுமனே பார்த்தார். மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நானும் உட்கார்ந்தேன். (நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் குந்தவைத்து உட்காருவது தனி சாகசம். எழுந்திருப்பது அதைவிட.)

"தொட்டுப் பாரு தம்பி. இங்க எப்படி இருக்கு?"

சிலிண்டரின் முன்பக்கம். முன் சக்கரம் வாரியடிக்கிற செம்மண் முழுக்க அங்கேதான் போய் அப்புகிறது. காய்ந்த வரட்டி மாதிரி இருந்தது. நகத்தால் தட்டினால் பொருக்காக உதிர்ந்தது.

"காய்ஞ்சிருக்குண்ணா."

"இங்க?"

செயின் உள்ளே போகிற இடத்து மூடி. செயினுக்கு விடுகிற ஆயிலும் ரோட்டுப் புழுதியும் கலந்து, கறுப்பு அல்வா மாதிரி ஒரு விரல் கனத்துக்கு.

"பிசுபிசுன்னு இருக்கு."

"அது செயின் ஆயில். பரவாயில்ல. எல்லா வண்டிக்கும் இருக்கும். இப்ப அடியில கையை விட்டுப் பாரு."

மாப்பிள்ளை இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு எடுத்தான். விரல் நனைந்திருந்தது.

மெக்கானிக் சொன்னதை நான் அன்றைக்கே டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். "காய்ஞ்ச அழுக்கு ரோட்டோடது. ஈர அழுக்கு வண்டியோடது."

இப்போது புரிகிறதா, அவர் ஏன் வாட்டர் சர்வீஸ் வேண்டாம் என்றார் என்று? அழுக்கு என்பது ஒரு கடிதம். எங்கே ஒழுகுகிறதோ அங்கே புழுதி ஒட்டிக்கொண்டு, "இங்கே பார்" என்கிறது. படிப்பதற்கு முன்னாலேயே நாம் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுகிறோம்.

பிறகு வேலை ஆரம்பமானது. உங்களுக்கும் உதவும் என்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிந்திருக்கிற உலோகம் திடீரென்று சுருங்கும். கோணலாகலாம், விரிசலும் விடலாம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுரீர் என்கிறதே, அந்தக் கதைதான். அடுத்து, சைலன்ஸர் வாயில் துணியை அடைத்து, அதன் மேல் ஒரு பாலிதீன் பையைக் கட்டினார். காற்று உள்ளே போகிற ஃபில்டர் பக்கமும், ஒயர்கள் இருக்கிற இடமும் மூடியாயிற்று. பிளக்கைக் கழற்றவில்லை. கழற்றினால் அந்தத் துவாரம் வழியாக மண் நேராக சிலிண்டருக்குள் போய்விடும். வண்டிக்கு அடியில் ஒரு பழைய தகரத்தைப் போட்டு மரத்தூளைப் பரப்பினார். ஒழுகுகிற டீசலும் எண்ணெயும் மண்ணில் இறங்காமல் இருக்க. "கெணறு நாப்பதடி தள்ளித்தான் இருக்கு" என்றார்.

கெட்டி அழுக்கை மூங்கில் சிம்பால் சுரண்டினார். ஸ்க்ரூ டிரைவர் கூடாது, அலுமினியம் கீறிவிடும். அப்புறம் டீசலில் தோய்த்த பிரஷ்ஷால் தடவி பத்து நிமிஷம் ஊறவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீர் கரைக்காது, இன்னொரு எண்ணெய்தான் கரைக்கும். பிரேக் டிரம் பக்கமும் டயரிலும் டீசல் படாமல் துணியைப் போர்த்தியிருந்தார். பட்டால் பிரேக் பிடிக்காது. ஆசிட், காஸ்டிக் சோடா மாதிரி சமாசாரங்களைக் கிட்டேயே சேர்க்கக் கூடாதாம். அலுமினியத்தையே தின்றுவிடும்.

சிலிண்டரைச் சுற்றித் தட்டுத் தட்டாக ஓரம் இருக்கிறதே, அதன் இடுக்குகளை டூத் பிரஷ்ஷால் தேய்க்கிற வேலை எனக்கு. அந்தத் தகடுகள் அழகுக்காக இல்லை. நாம் ஊற்றுகிற பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு சக்திதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே போகிறது. பாதி சைலன்ஸர் வழியாக, பாதி இந்தத் தகடுகள் வழியாக என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் விசிறி. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் காய்ந்த மண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் வேகம். அதன் மேல் மண்ணை அப்பிவிட்டால், சித்திரை வெயிலில் இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி. உள்ளே ஆயில் சூடாகித் தண்ணீராக இளகும். இளகின ஆயில் சின்ன இடுக்கு கிடைத்தாலும் வெளியே வரும். வெளியே வந்த ஆயிலில் இன்னும் புழுதி ஒட்டும். அழுக்கும் வட்டிக்கு வட்டி போடுகிறது என்று எனக்குள் இருந்த பி.காம். சொன்னான்.

மெக்கானிக் அடிப்பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டார். படுத்தேவிட்டார். சுரண்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். விரலால் எதையோ திருகினார். நன்றாகக் கேளுங்கள், விரலால்.

"சார், டார்ச் அடிங்க."

இன்ஜின் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட். ஸ்பேனர் போட்டு அழுத்தித் திருகினால்தான் அசைய வேண்டிய அந்த போல்ட், ரசம் வைத்த பாத்திர மூடி மாதிரி கையோடு சுற்றியது. உள்ளே மரை போய்விட்டிருந்தது. போல்ட்டைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த ஏதோ பிசின். அதன் மேல் அழுக்கு. உண்மையில் அந்த போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது பிசினும் அழுக்கும்தான்.

நான் அவசரமாகப் பத்திரிகைக்காரனாகிவிட்டேன். "எவன்ணே இப்படிப் பண்ணினது?"

அவர் எழுந்து உட்கார்ந்து, கையைத் துடைத்தார்.

"நான்தான் சார்."

யாரும் பேசவில்லை.

"மூணு வருசம் இருக்கும். ஆயில் மாத்தறப்ப மரை போயிருந்துச்சு. ராத்திரி எட்டு மணி. லேத்துக்காரன் பூட்டிட்டுப் போயிட்டான். அண்ணன் அவசரமா அரூர் போகணும்னாரு. தற்காலிகமா டேப்பைச் சுத்தி பிசினைப் போட்டு, நாளைக்கு வாங்கண்ணா, சரி பண்ணிடலாம்னேன். சரின்னாரு. அடுத்த வாரம் அவருக்கு ஒடம்பு முடியாமப் போச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி, அது இதுன்னு... வண்டி அப்படியே நின்னுச்சு. எனக்கும் மறந்துபோச்சு. காலையில உங்களைப் பார்த்ததும் அடியில ஈரம் தெரிஞ்சுச்சு. அப்பவும் ஞாபகம் வரல சார். இப்ப பிசினைப் பார்த்தப்பத்தான்..."

அக்கா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

"இப்படியே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பையன்தான் பதில் சொன்னான், டிப்ளமோ மெக்கானிக்கல். "போல்ட் கழண்டு விழுந்தா ஆயில் மொத்தமும் கொட்டிடும்மா. ஒரு லிட்டருக்கும் கம்மிதான். பின் டயர்ல பட்டா வழுக்கும். ஆயில் இல்லாம ஓடினா பிஸ்டன் சிலிண்டரோட இறுகிப் பிடிச்சிக்கும். ஓடற ஓட்டத்துல பின் சக்கரம் லாக் ஆயிடும்." பரீட்சையில் எழுதுகிற மாதிரி கடகடவென்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் அர்த்தம் புரிந்தவன் மாதிரி நிறுத்தினான். ஊருக்குள் கடைக்கும் வயலுக்குமாக ஓடின வரைக்கும் பிசின் தாங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில், இரண்டு மணி நேரச் சூட்டிலும் அதிர்விலும் தாங்கியிருக்குமா? பின்னால் லாரி வருகிற சாலையில்?

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றேன்ல" என்ற என் குரல் எனக்கே திரும்பக் கேட்டது.

உங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகமிருக்கலாம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்ததில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று. வருஷா வருஷம் ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. அந்தச் சமயம், 'எப்படிய்யா பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்?' என்று காரசாரமாக எழுதினவர்களில் நானும் ஒருவன். கணக்கியலில் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். வெளிப்பார்வைக்கு அலங்கரித்துக் காட்டுவது. பளபளப்பான டேங்க்கைப் பார்த்து நான் ஏமாந்ததும் அதேதான், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே ஏமாற்ற யாரும் நினைக்கவில்லை. அந்த டேங்க்கின் மேல் மச்சான் ஆசையாகத் தன் பெயரை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டியிருக்கிறார். பையன் தினமும் காலையில் அதைத்தான் துடைத்திருக்கிறான். ஸ்டிக்கர் ஓரம் பிரியாமல், பார்த்துப் பார்த்து. அப்பா இருக்கிற இடம் அதுதானே அவனுக்கு? போல்ட்டில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மெக்கானிக் லேத்துக்காரரை வீட்டிலிருந்தே எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார். ஆயிலை வடித்து, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கிரீஸ் தடவின டேப்பால் புது மரை வெட்டினார்கள். பிசிறுகள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்வதற்காக. பெரிய சைஸ் போல்ட், புது வாஷர், புது ஆயில். அடைத்த துணியை சைலன்ஸரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதை நான் மறந்து உதைத்து, அனைவரின் சிரிப்புக்கும் ஆளானேன். அப்புறம் ஒரு வேலை செய்தார். மாமியாரிடம் முகத்துக்குப் போடுகிற பவுடரை வாங்கி, போல்ட்டைச் சுற்றிப் பூசினார். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். ஆயில் கசிந்தால் வெள்ளையில் கோடு தெரிந்துவிடும்.

கோடு இல்லை. பவுடர் போட்ட குழந்தை மாதிரி இருந்தது அந்த இடம்.

காசு வாங்க மாட்டேன் என்றார். லேத் கூலியைக்கூட அவரே கொடுத்துவிட்டார். "இது அண்ணன் கணக்குல பாக்கி சார்" என்றார். எங்கள் பாடப்புத்தகத்தில் தேய்மானம் கணக்கிட 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. மீதி இருக்கிற மதிப்பில் வருஷா வருஷம் ஒரு சதவிகிதம் கழித்துக்கொண்டே போவது. வேடிக்கை என்னவென்றால், எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. சில பாக்கிகளும் அப்படித்தான் போல.

டீ சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், தொழில் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று.

"லாரியில சார். பதினாலு வயசுல சங்ககிரி லாரியில கிளீனரா ஏறினேன். மூணு வருசம் துடைச்சேன். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டாரு. முதல்ல துடை, எங்க என்ன இருக்குன்னு கைக்குத் தெரியட்டும், அப்புறம் ஓட்டலாம்பாரு. திட்டிக்கிட்டே துடைப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் துடைச்சப்ப தெரிஞ்சதுதான்னு."

இப்போது அந்தக் குட்டி ரயிலுக்கு வருகிறேன். நீராவி இன்ஜின் காலத்து ரயில்வேயிலும் இதுதான் வழக்கம். டிரைவராக வேண்டும் என்றால் முதலில் கிளீனராகத்தான் சேர வேண்டும். எண்ணெய்த் துணியோடு இன்ஜினை அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். அப்புறம்தான் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். அதற்கும் அப்புறம் பல வருஷம் கழித்து டிரைவர். துடைக்கிறவன் கண்ணுக்குத்தான் விரிசல் முதலில் தெரியும். லாரிகளில் இன்றைக்கும் உதவியாளருக்குப் பெயர் 'கிளீனர்'தான். நாம் அதைக் கடைசி வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அதை முதல் வேலையாக வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கிளம்பினான். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவரே குனிந்து, இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு, விரலை எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. "சரி, பார்த்துப் போயிட்டு வா" என்றார். என்னுடைய சர்ட்டிஃபிகேட் ரத்தாகிவிட்டது என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. நியாயம்தான்.

ஆறு மணிக்குப் போன் வந்தது, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று.

மூன்று நாள் கழித்து எனக்குத் தனியாக ஒரு போன். "மாமா, டிரெய்னிங்ல முதல் கிளாஸ் என்ன தெரியுமா? துடைக்கிறது!" ஜப்பான்காரர்களின் 5எஸ். தேவையற்றதை ஒதுக்கு, அடுக்கி வை, துடை, அதையே வழக்கமாக்கு, ஒழுங்காகக் கடைப்பிடி. மூன்றாவதுக்குப் பெயர் 'செய்சோ'. சுத்தம் செய்வது. ஆனால் அழகுக்காக இல்லை. துடைக்கும்போதே கசிவையும் தளர்ந்த போல்ட்டையும் கண்டுபிடி, துடைப்பதே பரிசோதனை என்கிறது அந்தப் பாடம். ஓசூர்ப் பக்கம் இது புதுசும் அல்ல. அங்கே இருக்கிற டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசை 2002-லேயே வாங்கியிருக்கிறது. "நம்ம மெக்கானிக் அண்ணன் சொன்னதைத்தான் மாமா புரொஜெக்டர்ல போட்டுக் காட்டறாங்க" என்றான்.

அவரிடம் சொன்னாயா என்றேன். சொன்னானாம். "ஜப்பான்லயும் லாரி ஓட்டியிருப்பாங்க போல" என்றாராம்.

சென்னைக்குத் திரும்பின முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தவைத்து உட்கார்ந்தேன். பத்து வருஷ வண்டி. டேங்க் பளபளவென்று இருந்தது. அடியில் கையை விட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"என்ன சார், வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அதான் இப்பவே பார்க்கறேன்" என்றேன்.

விரலை வெளியே எடுத்தேன். லேசாக ஈரம்.